தனுஷ்கோடியில் கடலுக்கு ஏன் இரண்டு நிறம்?

கேள்வி: அரிச்சல்முனையில் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் கலங்கலான வெளிர்பச்சை, மறுபக்கம் நல்ல நீலம். மேலே வானம் ஒன்றுதானே, அப்புறம் எப்படி? கடலின் நிறத்தைப் பார்த்தே செயற்கைக்கோள் மீன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது என்கிறார்களே, கரையோரத்துக்கும் அது சரிவருமா? - ஒரு வாசகி, பரமக்குடி

பதில்: வானம் ஒன்றுதான், அதனால் வானத்தின் பிரதிபலிப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்த சர் சி.வி. ராமனுக்கும் இதே சந்தேகம்தான் வந்தது. நிக்கோல் பட்டகம் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகத் துண்டு) ஒன்றைக் கண்ணருகே வைத்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகவே தெரிந்தது. நிறம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடும், தூய நீரில் 5 மீட்டர் இறங்குவதற்குள் அடர்சிவப்பில் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போய்விடும். நீலமோ நூறு மீட்டர் கடந்தும் ஓரளவு மிஞ்சும். அதுதான் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகிறது.

சரி, உங்கள் இரண்டு கடலுக்கு வருவோம். ராமேஸ்வரத்துக்காரர்கள் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். பெண்கடலுக்குச் சராசரியாக 10 மீட்டர் ஆழம்கூட இல்லை, வடகிழக்குப் பருவக்காற்று அடித்தால் அடிச்சேறு அப்படியே கிளம்பி மேலே வந்துவிடும். ஆண்கடல் தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமாகிறது. காற்றும் நீரோட்டமும் மாறினால் இரண்டு பக்கமும் வேறு மாதிரி தெரியும், எந்த மாதம் போனீர்கள் என்று எழுதியிருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பேன்.

செயற்கைக்கோள் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நுண்பாசிகளில் இருக்கும் பச்சையம் நீல ஒளியை நன்றாக உறிஞ்சும், பச்சை ஒளியை அவ்வளவாகத் தொடாது. அதனால் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் பாசி எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 1978-இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் போன கருவி தொடங்கி, 1999-இல் இஸ்ரோ அனுப்பிய ஓஷன்சாட்-1 வரை அடிப்படை இதுதான். ஆழ்கடலில் இது அருமையாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே நிறத்தை மாற்றுவது பெரும்பாலும் பாசியும் அதோடு சேர்ந்து வருபவையும் மட்டும்தான்.

கரையோரத்தில் அப்படி இல்லை. ஆறு கொண்டுவரும் வண்டல் எல்லா நிறத்தையும் சிதறடிக்கிறது. பிச்சாவரம் போன்ற சதுப்புக் காடுகளிலிருந்து இலைதழை மக்கிய சாறு கரைந்து வருகிறது, பார்த்தால் வெறும் டீத்தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் பச்சையத்தைப் போலவே நீலத்தை விழுங்கும். தண்ணீர் தெளிவாக இருந்தாலோ தரையில் கிடக்கும் மணலும் கடற்புல்லும் மேலே தெரிந்துவிடும். இவ்வளவும் கலந்து வரும் ஒளியை அந்தப் பழைய விகிதத்தில் போட்டால், சாற்றையும் சேற்றையும் பாசி என்று எண்ணிக் கூட்டிச் சொல்லிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. செயற்கைக்கோளுக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதம் காற்றுமண்டலத்திலிருந்து வருவது, கடலிலிருந்து வருவது மிச்சம்தான். காற்றின் பங்கைக் கழிக்க, அகச்சிவப்பில் கடல் முழுக் கறுப்பு என்று வைத்துக்கொள்வார்கள். ஆழ்கடலில் அது உண்மை. சேற்றுநீர் அகச்சிவப்பிலும் மின்னும், அதையும் காற்றின் கணக்கில் எழுதிக் கழித்தால் நீலத்தில் பூஜ்யத்துக்கும் கீழே எண் வந்து நிற்கும்! இதற்காகவே கரையோரத்துக்குத் தனிக் கணக்குமுறைகள் வந்திருக்கின்றன, 2022-இல் போன ஓஷன்சாட்-3 கருவியில் முன்பிருந்த 8-க்குப் பதில் 13 ஒளி அலைவரிசைகள் வைத்திருக்கிறார்கள்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) மீனவர்களுக்குத் தரும் மீன்வள அறிவிப்பு பச்சையத்தை மட்டும் பார்ப்பதில்லை, கடல்மேற்பரப்பின் வெப்பநிலையையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. கரையை ஒட்டிப் பச்சையாகத் தெரியும் படத்தை மட்டும் நம்பி யாரையும் டீசல் செலவழிக்கச் சொல்லக் கூடாது, அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி: பெரிய கருவி இல்லாமல் பள்ளிப் பிள்ளைகள் கடல்நீரின் தெளிவை அளக்க முடியுமா? - ஓர் ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக. 1865-இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி காட்டிய வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 30 சென்டிமீட்டர் அகல வெள்ளைத் தட்டில் எடை கட்டி, மீட்டர் குறித்த கயிற்றில் படகின் நிழல் பக்கமாக இறக்குங்கள். தட்டு மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழம், இரண்டுக்கும் சராசரி எடுங்கள். நண்பகலை ஒட்டி அளந்தால் நல்லது, கடல்நிறச் செயற்கைக்கோள்களும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் நம் தலைக்கு மேலே போகின்றன. தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் வெறும் ஆழத்தை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.