எழுத்துப்பிழையும் எழுதுகிற ஆளும் – வாசகர் கடிதம்

வணக்கம் அக்கா,

நான் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை. அப்பா பொற்கொல்லர். அவர் காலமான பிறகு அவருடைய பட்டறையைப் பற்றி முகநூலில் எழுதத் தொடங்கினேன். ஊதுகுழல், குறடு, உமியோடு, குன்றிமணி போட்டுப் பொன் நிறுத்த காலம், பட்டறை கூட்டிய தூசியைக்கூட எறியாமல் அவர் ஒரு பேணியில் சேர்த்து வைத்தது என்று ஞாபகம் வந்ததையெல்லாம் எழுதினேன்.

சிலர் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் கூடுதலான ஆட்களின் கண்ணில் பட்டது என் எழுத்துப்பிழைதான். "முதலில் கொழும்பு என்று சரியாக எழுதப் பழகு" என்று ஒருவர் போட்டார். அதற்குக் கீழே ஒரே சிரிப்பு. இன்னொருவர் என் பதிவைப் படம் பிடித்து, பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "தமிழ் மெல்லச் சாவது இப்படித்தான்" என்று தன் பக்கத்தில் வெளியிட்டார்.

பள்ளிக்கூடத்திலும் எனக்கு இதே கதைதான். சொல்வதெழுதுதல் இருக்கிற நாளில் வயிறு கலக்கும். மகள் இப்போது நாலாம் வகுப்பு. அவளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வருகிற பிறவித் தடுமாற்றம், என்று இந்த வருஷம்தான் சொன்னார்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்று வைத்தியர் கேட்டபோது மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என்னையும் பரிசோதித்தார்கள். எனக்கும் அதுதான்.

எழுதுவதை விட்டுவிடட்டுமா அக்கா? இல்லையென்றால் ஒவ்வொரு பதிவின் மேலும் எனக்கு இது இருக்கிறது என்று போட்டுவிட்டு எழுதட்டுமா? மகள் ஒருநாள் இந்தப் பின்னூட்டங்களைப் பார்த்தால் அவளுக்கு என்ன சொல்வது? அடுத்த வருஷம் அவளுக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையும் வருகிறது.

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து திருத்திப் போடுங்கள். பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். எழுதுங்கள். மற்றக் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், இதற்கு வேண்டியதில்லை.

கடிதத்தை நீங்கள் கேட்டபடி திருத்தினேன். ஒற்றுகள், ரகர றகரம், சில இடங்களில் ளகர ழகரம், அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தையும் மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இருக்கவில்லை. வைத்தியர் கேட்டதும் உங்கள் மனைவி திரும்பிப் பார்த்த அந்த ஒரு வரியை எழுதத் தெரிந்தவருக்குத் தமிழ் தெரியாது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சில காலம் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்திருக்கிறேன். கொழும்பில் 1930இல் வீரகேசரி வந்தது, 1932இல் தினகரன் வந்தது. அந்தக் காலத்திலிருந்து இந்த ஊரின் அச்சுத்தமிழ் எத்தனையோ பேரின் கண்பட்டுத்தான் வெளியே வந்திருக்கிறது. எழுதுபவர் ஒருவர், எழுத்துக் கோப்பவர் ஒருவர், மூலப்பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பவர் இன்னொருவர். பெயர்பெற்ற எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒற்று என்ற ஒன்று இருப்பதையே கவனியாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதியவர்களும் இருந்தார்கள். மறுநாள் பத்திரிகையை விரித்த வாசகருக்கு அது எதுவும் தெரியாது. அந்த எழுத்தாளருடைய தமிழின் அழகைப் பற்றிக் கடிதம் போடுவார், அது நியாயமான பாராட்டும்தான். உங்கள் தொழிலிலும் அப்படித்தானே? நகையைச் செய்தவர் ஒருவர், கல் பதித்தவர் வேறொருவர். கல் பதிக்கத் தெரியாது என்பதற்காக உங்கள் அப்பாவைப் பொற்கொல்லர் இல்லை என்று செட்டியார் தெருவில் யாராவது சொல்லியிருப்பார்களா?

இன்றைக்கு ஒருவர் போனில் எழுதி அப்படியே வெளியிடுகிறார். நடுவில் யாரும் இல்லை. முன்பு பலர் சேர்ந்து செய்த வேலையை ஒருவர் தலையில் போட்டுவிட்டு, அவர் தடுக்கினால் சிரிக்கிறோம்.

அந்தக் 'கொழும்பு' விஷயத்துக்கு வருகிறேன். அது எவ்வளவு கடினமான சொல் என்று அந்தப் பின்னூட்டக்காரர் யோசித்திருக்க மாட்டார். காதில் முதலில் விழுவது ககர ஒலி, அப்புறம்தான் ஒகரம். கையால் எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பைப் போட்டு, பிறகு ககரம் எழுதி, கடைசியில் காலைப் போட வேண்டும். ஓர் உயிர் ஒலி மெய்யின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. போனில் பெரும்பாலும் முதலில் ககரத்தை அழுத்திவிட்டுத்தான் ஒகரக் குறியை அழுத்த வேண்டும். பள்ளியில் கை பழகிய வரிசை வேறு, விரல் பழக வேண்டிய வரிசை வேறு. அடுத்தது ழு. நம் வாயில் அது ளுவாகத்தான் வருகிறது, காது உதவாது, நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். கடைசியில் பு. உகரம் ககரத்தோடு சேரும்போது ஒரு வடிவம், பகரத்தோடு சேரும்போது இன்னொன்று, ழகரத்துக்கு வேறொன்று. நாலெழுத்துச் சொல்லுக்குள் இவ்வளவும். நம்மில் பலருக்கு இது சின்ன வயதிலேயே கையோடு ஒட்டிவிடும். அதனால் அது ஒரு வேலை என்றே தோன்றுவதில்லை. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு அந்த ஒட்டுதல்தான் லேசில் நடக்காது. ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து யோசிக்க வேண்டும். பத்து வரி எழுதி முடிப்பதற்குள் களைத்துப்போவது அதனால்தான்.

டிஸ்லெக்சியா என்று பெயர் வைத்தவர் ரூடோல்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் வைத்தியர், 1880களில். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற இங்கிலாந்து வைத்தியர் பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், கணக்கில் சுட்டி. பாடம் எல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் முதல் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் தன் பெயரான பெர்சி என்பதையே எழுத்து மாற்றி எழுதினான். சுட்டிக்காட்டிய பிறகும் உடனே அவனுக்குப் பிழை தெரியவில்லை. நீங்கள் ஊர்ப்பெயரில் தடுக்கினீர்கள், அவன் தன் பெயரிலேயே தடுக்கினான். சோம்பலோ அலட்சியமோ இதில் எங்கே இருக்கிறது?

சொல்லை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஒலிக்கும் உரிய எழுத்தை வேகமாகப் பொருத்தும் வேலையை மூளை செய்கிற விதத்தில்தான் வித்தியாசம் என்பது இன்று தெளிவு. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு. வளர்ந்தால் போய்விடுகிற ஒன்றும் இல்லை. வாசிப்பு ஓரளவு சீராகிவிடும், எழுத்துப்பிழைதான் பலருக்குக் கடைசிவரை நிற்கும்.

தமிழ் சொல்வதுபோல எழுதுகிற மொழி, அதில் இதெல்லாம் வராது என்று சிலர் சொல்வார்கள். வரும். இத்தாலிய மொழியிலும் எழுத்தும் ஒலியும் நன்றாக ஒத்துப்போகும். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் பேசும் டிஸ்லெக்சியாக்காரர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2001இல் சயன்ஸ் இதழில் வந்தது. இத்தாலியர்கள் மற்றவர்களைவிடப் பிழையில்லாமல் வாசித்தார்கள், ஆனால் மூளையில் தெரிந்த வித்தியாசம் மூன்று மொழிக்காரர்களுக்கும் ஒன்றுதான். எழுத்துமுறை சுலபம் என்றால் பிழை குறைந்து தெரியும், பாடு குறையாது. தமிழில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் கதைக்கும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. கொழும்புப் பிள்ளை அதோடு சிங்கள எழுத்தும் ஆங்கில எழுத்தும் படிக்க வேண்டும்.

உங்களைத் திட்டியவர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்கு விளங்குகிறது. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த நாடு இது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடுதான் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது. அதற்குப் பிறகும் இந்த நகரத்தில் பெயர்ப்பலகைகளில் தமிழ் உடைந்து கிடக்கிறது. பஸ்ஸில், அலுவலக வாசலில், வீதியோரத்தில் தன் மொழியை அப்படிப் பார்த்துப் பார்த்து மனம் புண்பட்டவர்களுக்கு, ஒரு ளகரம் மாறினாலும் சுள்ளென்று ஏறும். எனக்கும் ஏறும். பலகையில் பிழை கண்டால் படம் எடுத்துப் போடுங்கள், 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுங்கள் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். பலகை எழுதுகிற திணைக்களத்துக்குக் காசு இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், சட்டக் கடமை இருக்கிறது. இறந்துபோன அப்பாவைப் பற்றி இரவு வேலை முடிந்து வந்து போனில் எழுதுகிற மனிதனுக்கு இதில் எது இருக்கிறது? திணைக்களத்தின் மேல் போக வேண்டிய கோபத்தை உங்கள் மேல் கொட்டியிருக்கிறார்கள். அந்தச் சிவப்பு வட்டம் மரியாதை கெட்ட வேலை. மொழிப்பற்று என்று அதற்குப் பெயர் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் எத்தனையோ பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறார்கள். அதில் ழகரமும் இல்லை, ளகரமும் இல்லை, ஒற்றும் இல்லை. அவர்களை யாரும் சிவப்பு வட்டம் போட்டுப் பிடிப்பதில்லை. தமிழ் எழுத்திலேயே எழுத வேண்டும் என்று பாடுபடுகிறவர்தான் அடி வாங்குகிறார். இப்படியே போனால் பயந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். பிழையைச் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம். முதலில் அவர் எழுதிய விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு உள்பெட்டியில், "இந்தச் சொல் இப்படி வரும், மாற்றிவிடுங்கள்" என்று எழுதுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு பதிவின் மேலும் போட வேண்டாம். எழுதுவதற்கு வைத்திய அறிக்கை காட்டி அனுமதி வாங்குகிற நிலை யாருக்கும் வரக் கூடாது. விருப்பம் என்றால் ஒருநாள் அதைப் பற்றியே ஒரு பதிவு எழுதுங்கள், உங்களைப் போல தெரியாமலே வளர்ந்த பலருக்கு அது உதவும். விருப்பம் இல்லையென்றால் விடுங்கள். திருத்தம் சொல்கிறவருக்கு நன்றி சொல்லித் திருத்துங்கள். கேலி செய்கிறவருக்குப் பதில் போடாமல் அழித்துவிடுங்கள், உங்கள் பக்கம் அது.

குரலில் எழுதிப் பாருங்கள். கூகுள் கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாக வரும், ழகர ளகரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பேச்சுத்தமிழில் கதைத்தால் கொஞ்சம் தடுமாறும், எழுத்துத்தமிழில் நிதானமாகச் சொன்னால் நன்றாகவே வரும். போடுவதற்கு முன் போனை உரக்க வாசிக்க வைத்துக் கேளுங்கள். கண் தவறவிட்ட சொல்லைக் காது பிடித்துவிடும். நம்பிக்கையான ஒருவரிடம் அனுப்பிப் பார்க்கச் சொல்வதும் நல்லது. யாரும் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், மனதாரத்தான் சொல்கிறேன். பேணியில் சேர்த்த தூசியை அப்பா பிறகு என்ன செய்தார், எப்படிக் கழுவிப் பொன் எடுத்தார் என்பதை விரிவாக எழுதுங்கள். அதை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

மகளுக்கு எதையும் மறைக்க வேண்டாம். அவள் அந்தப் பின்னூட்டங்களைப் பார்த்தால், "அப்பாவுக்கும் உன்னைப் போலத்தான், இவர்களுக்கு அது தெரியாது" என்று சொல்லுங்கள். பிழை திருத்துவதை அவளுக்கு முன்னாலேயே செய்யுங்கள். மாமா மாமி வந்திருக்கும்போது "எங்கே, இதை வாசித்துக் காட்டு" என்று யாரும் அவளைக் கேட்க விடாதீர்கள். கதைகளை நீங்களோ மனைவியோ வாசித்துக் காட்டுங்கள். எழுத்து மெதுவாக வருகிறது என்பதற்காகக் கதையும் மெதுவாகக் கிடைக்கத் தேவையில்லை.

புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து இரவில் விழித்திருக்க வேண்டாம். அதில் வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளையும் ஆறாம் வகுப்புக்குப் போகும், சாதாரண தரம் எழுதும், உயர்தரம் எழுதும். அவளை எழுத வைப்பது என்று முடிவெடுத்தால் கடைசி நேரம்வரை இருக்காதீர்கள். வைத்திய அறிக்கையோடு இந்தத் தவணையிலேயே அதிபரைப் பாருங்கள். மேலதிக நேரம் போன்ற விசேட ஏற்பாட்டுக்குப் பாடசாலை மூலம் எப்படி விண்ணப்பிப்பது என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அறிக்கையின் பிரதி ஒன்றை வகுப்பு ஆசிரியரிடமும் கொடுத்து, சொல்வதெழுதுதல் புள்ளியை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதிபர் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்து யாருக்கு எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா