வாள் எந்த இடுப்பில்?

ஐயா,
நெப்போலியன் படைவீரர்களைக் காட்டும் பழைய பிரெஞ்சு கல்லச்சுப் படம் (கல்லில் வரைந்து தாளில் அச்சிட்டது) ஒன்றைப் பார்த்தேன். வீரனின் வாள் வலது இடுப்பில் தொங்குகிறது. தோற்ற படையின் தலைகீழ் நிலைக்கு அது குறியீடா? நெப்போலியன் ரஷ்யரோடு மோதிய ஐலோ போர்க்களத்தைப் பிரெஞ்சு ஓவியர் க்ரோ வரைந்த ஓவியத்தை உண்மைப் பதிவாகக் கொள்ளலாமா?
செல்வன்

அன்புள்ள செல்வன்,

வாளைக் கவனித்த கண்ணுக்கு ஒரு முத்தம். உடனே குறியீட்டுக்குத் தாவியதற்குக் காதைத் திருகவேண்டும். படம் எதில், எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்க நம் ஆட்களுக்கு அப்படி என்ன கூச்சம்?

ஐலோ பற்றி இரண்டு வரிதான். போர் 1807 பிப்ரவரியில். காட்சியை முன்கூட்டியே வகுத்துக்கொடுத்துப் போட்டி வைத்தவர் அருங்காட்சியகத் தலைவர் தெனோன். ஓவியத்தில் தெரியும் நெப்போலியனின் இரக்கம் மேலிடத்து உத்தரவு. முன்னால் உறைந்துகிடக்கும் பிணங்களை அவ்வளவு பெரிதாக்கியது க்ரோவின் கை.

இனி கல். சமதளமான சுண்ணாம்புக்கல்லை மணலும் நீரும் விட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். மெழுகு, கொழுப்பு, சோப்பு, விளக்குக்கரி சேர்ந்த பென்சிலால் அதன்மேல் நேரடியாக வரையவேண்டும். விரல் பட்டால் அந்த எண்ணெய்ப்பசையும் அச்சாகும். பிறகு கருவேலம் பிசினில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். அமிலம் மிஞ்சினால் மெல்லிய சாம்பல் நிறங்கள் போய்விடும். குறைந்தால் வெற்றிடமெல்லாம் மை பிடிக்கும். அதன்பின் டர்பன்டைனால் துடைத்தால் படமே காணாமல்போகும். புதியவன் அலறுவது இங்கேதான். கல்லை ஈரமாக்கி மையுருளையை ஓட்டினால், கொழுப்பு ஊறிய கோடுகள் மட்டும் மை பிடித்துப் படம் திரும்பிவரும். ஈரம் காய்ந்துவிட்டால் கல் முழுக்கக் கறுப்பு.

தாளில் இடம் வலமாக விழும். வாள் இடது இடுப்பில் தெரியவேண்டுமானால் கல்லில் வலது இடுப்பில் வரையவேண்டும். கண்ணாடி வைத்து வரைந்தவர்கள் உண்டு. அவசரக்காரர் மறந்திருப்பார். அவ்வளவுதான் உங்கள் குறியீடு!

பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1818-இல் செய்த ‘ரஷ்யாவிலிருந்து திரும்புதல்’ கல்லச்சைப் பாருங்கள். ஒரு கை இழந்த வீரன், பார்வை போன குதிரைவீரனின் குதிரையை நடத்திப்போகிறான். கோட்டுக்கு ஒரு கல், மங்கல் நிறத்துக்கு இன்னொரு கல். இரண்டும் ஒரு மயிரிழை விலகினாலும் படம் இரட்டையாகத் தெரியும். அந்தத் துயரத்துக்குப் பின்னால் இவ்வளவு கல் வேலை இருக்கிறது, தம்பி.

உங்கள் படத்தின் அடியில் எழுத்து இருக்கும். அது இடவலம் மாறியிருந்தால் யாரோ புகைப்படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நேராக இருந்து, எல்லா வீரர்களுக்கும் வாள் வலப்பக்கம் என்றால் ஓவியர் மறந்திருக்கிறார். ஒருவனுக்கு மட்டும் என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது குறியீடு பற்றிப் பேசலாம்.