மூக்கில் ரத்தம் வடியும் நாய்க்கு முதலில் ஸ்கேனா, பயாப்ஸியா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது. இரண்டு மாதமாக வலது மூக்கில் மட்டும் ரத்தம் கலந்த சளி வடிகிறது. டாக்டர் சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் பயாப்ஸி என்கிறார். செலவைக் குறைக்க பயாப்ஸி மட்டும் எடுத்தால் போதாதா? – வாசகி, திருச்சி

பதில்: டாக்டர் சொன்ன வரிசைதான் சரி. பயாப்ஸிக்காக முதலில் சதையைக் கிள்ளினால் மூக்குக்குள் ரத்தம் நிறைந்துவிடும். பிறகு எடுக்கும் ஸ்கேனில் கட்டி எது, ரத்தக்கட்டு எது என்று பிரிப்பது சிரமம்.

ஸ்கேனில் நாங்கள் முதலில் தேடுவது, மூக்கையும் மூளையையும் பிரிக்கிற மெல்லிய சல்லடை எலும்பை. புற்றுக்கட்டி அதை அரித்திருந்தால் நோய் நான்காம் கட்டம், அதாவது முற்றிய நிலை. கதிர்வீச்சு சிகிச்சைத் திட்டமே மாறும். எக்ஸ்ரேயில் மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் இது தெளிவாகத் தெரியாது. மூக்குக்குள் இருக்கும் எலும்புச் சுருள்கள் கரைந்து வெற்றிடமாக இருந்தால் பூஞ்சைத் தொற்றைச் சந்தேகிப்போம், சதை அடைத்திருந்தால் கட்டியை. என்ன கட்டி என்று பெயர் சொல்வது மட்டும் பயாப்ஸியால்தான் முடியும். இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரத்தத் தட்டணுக்களையும் ரத்தம் உறையும் நேரத்தையும் பயாப்ஸிக்கு முன்பே பார்த்தாக வேண்டும். சதையைக் கிள்ளும் கிடுக்கியை நாயின் முகத்தோடு ஒட்டி வைத்து, மூக்கு நுனியிலிருந்து கண்ணின் உள் ஓரம் வரை அளந்து, கிடுக்கியில் அந்த அளவில் பிளாஸ்திரி ஒட்டுவோம். பிளாஸ்திரி மூக்குத் துவாரத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் சல்லடை எலும்பைத் துளைத்து மூளையில் இறங்கும் ஆபத்து உண்டு. மேலாக ஒரே ஒரு துணுக்கு எடுத்தால் ‘வெறும் அழற்சி’ என்று ரிப்போர்ட் வந்து ஏமாற்றும். ஸ்கேன் காட்டிய இடத்தில் பல துணுக்குகள் வேண்டும். அவற்றை 10 மடங்கு அளவு 10% ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த பின் இரண்டு மூன்று நாள் தும்மலில் ரத்தம் தெறிக்கலாம். சொட்டுவது நிற்கவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: நாய்க்கு முலைக்கட்டி. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. பிறகும் சி.டி. எதற்கு? – வாசகர், மதுரை

பதில்: 5 மி.மீ.க்குக் குறைவான நுரையீரல் புள்ளிகள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தப்பிவிடும். சி.டி.யில் ஓரிரு மி.மீ. புள்ளிகூட விழும். ஆனால் மயக்கத்தில் பக்கவாட்டில் படுத்த நாயின் அடிப்பக்க நுரையீரல் சுருங்கி, புள்ளியை மறைத்துவிடும். அதனால் குப்புறப் படுக்க வைத்து, மூச்சைச் சில நொடி நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். தெரிகிற புள்ளியெல்லாம் புற்று என்று பதற வேண்டாம். வயதான நாய்களில் சுண்ணாம்பு படிந்த, தீங்கற்ற புள்ளிகள் சகஜம். நிணநீர் முடிச்சு அளவில் சாதாரணமாக இருந்தாலும் உள்ளே புற்று இருக்கலாம், அதை ஊசியால் உறிஞ்சித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: சி.டி. ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியப் போடும் ஊசி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா? – வாசகர், ஈரோடு

பதில்: கெடுக்க வாய்ப்பு உண்டு, அதனால்தான் முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு) பார்க்கிறார்கள். மில்லிக்கு 300 மி.கி. அயோடின் உள்ள மருந்து என்றால் வழக்கமாக கிலோவுக்கு 2 மி.லி.; 25 கிலோ நாய்க்கு 50 மி.லி. மயக்கம் கொடுப்பதால், ஸ்கேனுக்கு முதல் நாள் இரவுக்குப் பிறகு உணவு கூடாது. நாய் முழுதாக விழித்த பின் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள்.