கண்ணிடம் கடைசியில் கேளுங்கள்

கேள்வி: ஓர் இடத்தைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்தால் 'அழகு', 'அமைதி', 'இதமான காற்று' என்பதைத் தாண்டி எதுவும் வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அங்கே போய் 20 நிமிடம் உட்காருங்கள். அன்றைக்குக் கவிதை வேண்டாம், குறிப்பு மட்டும். முதல் வேலை மூக்குக்கு. சில நிமிடங்களிலேயே அது வாசனைக்குப் பழகிவிடும். அப்புறம் கேட்டால் ஒன்றும் சொல்லாது. நுழைந்த உடனே எழுதிவிடுங்கள். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு காது: பக்கத்துச் சத்தத்தில் தொடங்கித் தூரத்துக்கு. பிறகு உள்ளங்கால், முதுகு, விரல் நுனி. கண்ணின் முறை கடைசியில்தான். அதை முன்னால் விட்டால் மற்றவற்றைப் பேச விடாது.

அடைமொழியைத் தள்ளி வையுங்கள். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் போதும். இரட்டைக்கிளவியிலும் எச்சரிக்கை வேண்டும். தண்ணீர் என்றதும் 'சலசல' தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வாளியில் குழாய்த் தண்ணீர் விழுவதைக் கேட்டுப் பாருங்கள். காலி வாளியில் அடித்தொண்டையில் தொடங்குகிற குரல், நிரம்ப நிரம்ப மெலிந்து மேலே ஏறும். வாளி நிறையப்போவது பார்க்காமலே தெரியும். இது கவிதைக்கு ஆகும், 'சலசல' ஆகாது.

30 குறிப்பு சேர்ந்தால் 5 அல்லது 6 தேறும். வேறு எந்த இடத்துக்கும் பொருந்துகிற வரியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

கேள்வி: இதில் உணர்வை எங்கே சேர்ப்பது?

பதில்: நம் பொருளிலக்கணத்தின் வரிசையே கைகொடுக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள், உணர்வு உரிப்பொருள். பலரும் கோட்டை விடுவது பொழுதை. அதே வராந்தா விடியற்காலையில் ஒன்று, விளக்கு வைத்த பிறகு வேறொன்று. ஒரு பொழுதைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் கருப்பொருள், வலப்பக்கம் அது கிளப்பிய உணர்வு என்று எழுதுங்கள். ஒரே பொருளுக்கு எதிரெதிரான இரண்டு உணர்வுகள் விழுந்தால், கவிதை அங்கேதான் இருக்கிறது. ஆனால் வலப்பக்கத்துச் சொற்கள் கவிதைக்குள் வரக்கூடாது. 'சோகம்' என்று நீங்களே சொல்லிவிட்டால் வாசகருக்கு உணர எதுவும் மிஞ்சாது.

கேள்வி: நான் எழுத நினைக்கும் வீடு இப்போது இல்லையே?

பதில்: பழைய புகைப்படத்தை முதலில் எடுத்துப் பார்க்காதீர்கள், அதில் உள்ளது மட்டுமே நினைவில் நின்றுவிடும். வீட்டின் வரைபடத்தைப் போட்டு, வாசலிலிருந்து மனதால் நடந்து, கால் தயங்கிய இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். சிறு வயதில் இருந்த வீடென்றால் கண்மட்டத்தையும் இறக்குங்கள்: மேஜையின் அடிப்பலகை, பெரியவர்களின் முழங்கால், கைக்கு எட்டாத தாழ்ப்பாள்.