முகூர்த்தம் இல்லாத மாதங்களுக்கு ரீடச்சிங்

அம்மாவுக்கு வணக்கம்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்த மகனுக்கு ஆடியிலும் மார்கழியிலும் வருமானமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணப் படம் எடுக்கும் எல்லாருக்கும் உள்ள பாடுதான் இது. அந்த மாதங்களை ரீடச்சிங், அதாவது எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தும் வேலை, தாங்கும். முந்தைய முகூர்த்த மாதங்களில் எடுத்த ஆல்பங்கள் ஸ்டுடியோக்களில் குவிந்து கிடப்பது அப்போதுதான். அதனால் வேலையை ஸ்டுடியோக்காரர்களிடமும் ஆல்பம் டிசைனர்களிடமும் கேட்கட்டும்.

முதலில் படத்தில் முகத்தின் தோலைச் சீராக்கப் பழக வேண்டும். புதிதாக வருபவர்கள் முகம் முழுக்க ப்ளர் அடித்து (மங்கலாக்கி), மணப்பெண்ணை மெழுகுப் பொம்மையாக்கிவிடுவார்கள். ஃப்ரீக்வென்ஸி செபரேஷன் என்ற முறையில் இந்தச் சிக்கல் வராது. ஃபோட்டோஷாப்பில் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லேயராக (அடுக்காக) நகலெடுத்து, கீழ் லேயருக்குத் தோல் துவாரங்கள் மறையும் அளவு மட்டும் காஸியன் ப்ளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டர் கொடுக்க வேண்டும். மேல் லேயரில் அப்ளை இமேஜ் என்ற கட்டளையைத் திறந்து, கீழ் லேயரைத் தேர்ந்து, சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128 வைத்து (8 பிட் படத்துக்கு இந்த அளவு), பிறகு அந்த லேயரின் பிளெண்ட் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் விதத்தை) லீனியர் லைட்டுக்கு மாற்றினால் நிறம் கீழும் துவாரம், சுருக்கம் மேலுமாகப் பிரிந்துவிடும். பருவை மேலே எடுக்கலாம், திட்டுத்திட்டான நிறத்தைக் கீழே சமன் செய்யலாம். கேட்டாலொழிய மச்சத்தில் கை வைக்கக் கூடாது. "கொஞ்சம் கலராக்குங்க" என்று, முகத்தை வெளுக்கச் சொல்லி, வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். முகத்தை மட்டும் வெளுத்தால் கழுத்தும் மருதாணிக் கையும் வேறு யாருடையவோ போலத் தெரியும். மாநிறத்தை ஏன் மாற்ற வேண்டும் என்பது வேறு கேள்வி.

மானிட்டர் வெளிச்சம் கூடுதலாக இருந்தால் பிரிண்ட் இருண்டு வரும். பழி ரீடச் செய்தவர் தலையில்தான் விழும். பிரிண்ட் போடும் லேப் வேறு எதுவும் சொல்லாவிட்டால் எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கொடுக்கட்டும். 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட் என்றால் 3600க்கு 10800 பிக்சல்.

கூலியை நேரத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். மாதம் 20,000 ரூபாய் தேவை, நாளுக்கு 5 மணி நேரம், 25 நாள் வேலை என்றால் மணிக்கு 160. ஒரு முகத்துக்கு 20 நிமிடம் ஆனால் 53 ரூபாய். மின்சாரம், கம்ப்யூட்டர் தேய்மானம், திருப்பி வரும் வேலை எல்லாம் இதற்கு மேல்தான். இலவசத் திருத்தம் இரண்டு முறை மட்டும் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

ஏஐ வேலையைப் பறித்துவிடுமா என்று பயப்படுகிறீர்கள். பின்னணி நீக்குவது போன்ற மலிவு வேலைகள் போகத்தான் செய்யும். பழைய படத்தைப் புதுப்பிப்பதில் கைவேலைக்கு இன்னும் இடமிருக்கிறது, ஏஐ தாத்தாவின் முகத்தையே மாற்றிவிடுவதுண்டு. சொரசொரப்பான தாளில் அச்சான படத்தை ஒரு தடவை நேராகவும், ஒரு தடவை தலைகீழாகத் திருப்பி வைத்தும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, இரண்டாவதை நிமிர்த்தி முதலாவதன் மேல் சரியாகப் பொருத்திக் கலந்தால் தாளின் புள்ளிகள் பெருமளவு மங்கும். ஈரத்தில் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்துகொள்ளட்டும்.