அவுட்டை எண்ணுங்கள்

கேள்வி: நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியை விடாமல் பார்க்கிறேன். 2024 ஜூனில் 'இனி தேறாது' என்று டிவியை அணைத்தேன். அவர்கள் நேஷனல் லீக் இறுதித் தொடர் வரை போனார்கள். 2025 ஜூனில் 'இது நம் வருடம்' என்று நம்பினேன். கடைசி நாளில் வெளியேறினார்கள். ஜூலையிலேயே மேலாளரை மாற்றியிருக்க வேண்டாமா? சீசன் பாதியில் அணி சரிகிறபோது ரசிகன் எதைப் பார்த்து முடிவுக்கு வருவது?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்ஸி

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு வருடமும் மேலாளர் ஒரே ஆள்தான், கார்லோஸ் மெண்டோசா. 2024 ஜூன் 2 அன்று 24 வெற்றி, 35 தோல்வி என்று கிடந்த அணி 89-73 என்று முடித்தபோதும் அணி உட்காரும் டக்அவுட்டில் அவர்தான் நின்றார். 2025 ஜூன் 12 அன்று 45-24 என்று மொத்த மேஜர் லீக்கிலும் முதலிடத்தில் இருந்த அணி 83-79க்கு இறங்கியபோதும் அவரேதான். ஃபிலடெல்பியா 2022 ஜூன் 3 அன்று, 22-29 நிலையில், மேலாளர் ஜோ ஜிரார்டியை நீக்கியது; அந்த அணி மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடருக்கே போனது. இதை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். 2019 மே மாதம் வாஷிங்டன் 19-31 என்று தத்தளித்தது. மேலாளர் டேவ் மார்ட்டினெஸை நீக்காமல் வைத்திருந்து அதே ஆண்டு உலகத் தொடரை வென்றது. இதை யாரும் எடுப்பதில்லை. மேலாளரை நீக்கினால் ரசிகருக்கு ஒரு வாரம் மனசு ஆறும். ஐந்தாவது இன்னிங்ஸில் களைத்துப்போன பிட்சருக்குப் (பந்து வீசுபவருக்கு) பதில் ஆள் கிடைத்துவிடாது.

வெற்றி தோல்விப் பட்டியலைப் பார்த்துத்தான் நீங்கள் இரண்டு முறையும் ஏமாந்தீர்கள். நமக்கெல்லாம் கிரிக்கெட் கண். ஐபிஎல்லில் லீக் சுற்று மொத்தமே 14 ஆட்டம். ஐந்து தோற்றால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பேஸ்பாலில் 162. வரிசையாக ஐந்து தோல்வி என்பது நூற்றுக்கு மூன்று. நல்ல அணிக்கும் வருடத்தில் ஒன்றிரண்டு தடவை அப்படி நடக்கலாம். எத்தனை தோற்றார்கள் என்பதை விட்டுவிட்டு, தோற்ற ஆட்டங்களில் ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர், எத்தனை அவுட் எடுத்தார் என்று பாருங்கள். நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

2025 ஜூன் 12, மெட்ஸின் சொந்த மைதானம் சிட்டி ஃபீல்ட், எதிரே வாஷிங்டன். ஆறாவது இன்னிங்ஸில் கோடாய் செங்கா ஒரு ரன்கூட விடாமல் வீசிக்கொண்டிருக்கிறார். பந்து முதல் பேஸ் பக்கம் உருண்டு போகிறது. பீட் அலோன்சோ பேஸை விட்டு நகர்ந்து அதைப் பொறுக்குகிறார். அப்போது காலியான பேஸுக்கு ஓடிப் போய் நிற்க வேண்டியது பிட்சரின் வேலை. வசந்தகாலப் பயிற்சியில் தினமும் செய்யவைக்கிற சாதாரண ஓட்டம். அலோன்சோ எறிந்தது கொஞ்சம் உயர்ந்துவிட்டது. செங்கா எம்பிப் பிடித்து, இறங்கும்போது பேஸைத் தொடக் காலை எட்டி நீட்டினார். அவுட் கிடைத்தது. தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். அப்போது அவருடைய ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் விழும் ரன், 1.47. அன்று ஆட்டத்தை மெட்ஸ் வென்றது. பட்டியலில் 45-24 என்று ஏறியது. அடுத்த ஏழு ஆட்டமும் தோல்வி. ஜூலையில் செங்கா திரும்பி வந்தார், ஆனால் பழைய ஆள் வரவில்லை. செப்டம்பரில் அவரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதே ஜூனில் டைலர் மெகிலுக்கு முழங்கையில் காயம், கிரிஃபின் கேனிங்குக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. ஷான் மனாயா சீசன் தொடங்குமுன்பே விலாத்தசைக் காயத்தோடு படுத்து ஜூலையில்தான் எழுந்தார். மிஞ்சியவர்களில் கிளே ஹோம்ஸ் யாங்கீஸில் கடைசி இன்னிங்ஸ் முடித்துக்கொடுத்தவர். அவரை ஸ்டார்ட்டராக மாற்றியிருந்தார்கள். கோடை முழுக்க ஆறு இன்னிங்ஸ் முழுசாகப் போட்டவர் பெரும்பாலும் டேவிட் பீட்டர்சன் ஒருவரே.

இதன் விளைவைக் கணக்காகப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு ஆட்டம், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் 54 இன்னிங்ஸ். ஸ்டார்ட்டர்கள் ஆளுக்கு ஆறு போட்டால் 36; புல்பென்னுக்கு, அதாவது பிறகு வந்து வீசும் ரிலீவர்களுக்கு, மிஞ்சுவது 18. இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; ஸ்டார்ட்டர் நாலு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டுமாக, அதாவது 14 அவுட்டில் இறங்கிவிட்டால் அவர்கள் பங்கு 28. புல்பென் பங்கு 26. எட்டு இன்னிங்ஸ்தானே கூடுதல் என்று தோன்றும். 26 பேர் அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் வைக்கக் கூடாது. ஐந்து ஸ்டார்ட்டர் போக எட்டு ரிலீவர். நல்ல ரிலீவர் ஒரு இன்னிங்ஸ், பதினைந்து இருபது பந்து போடுவார். அடுத்தடுத்து இரண்டு நாள் போட்டால் மூன்றாம் நாள் பெரும்பாலும் அவரைத் தொட மாட்டார்கள். ஆக அந்தக் கூடுதல் எட்டு இன்னிங்ஸ் சிறந்த மூவரிடம் போகாது. வரிசையில் ஏழாவது, எட்டாவது ஆளிடம்தான் போகும். 3-2 என்று முன்னணியில் இருக்கும் ஆட்டத்தை, 9-1 ஆட்டத்துக்கென்று வைத்திருந்தவர் காப்பாற்ற வேண்டி வரும்.

இதைத் திரையிலேயே பார்க்கலாம். 96 மைல் வேகத்தில் போட்டுக்கொண்டிருந்தவர் 94க்கு வருவார். பக்கவாட்டில் விலக வேண்டிய ஸ்லைடர் பந்து கடைசி நேரத்தில் விலகாமல், பேட்டர் முன்னே தரையில் பதித்த தட்டின் நடுவிலேயே மிதக்கும். முதல் பேட்டருக்கு வாக் கொடுப்பார், அதாவது நான்கு பந்தை எல்லைக்கு வெளியே போட்டு முதல் பேஸை இலவசமாகத் தருவார். 2020இலிருந்து ரிலீவர் உள்ளே வந்தால் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். சரியில்லை என்று தெரிந்தாலும் உடனே தூக்க முடியாது.

அப்படியானால் ஸ்டார்ட்டரை ஏன் ஐந்தாவதிலேயே எடுக்கிறார்கள் என்று கோபப்படுவீர்கள். ஒன்பது பேட்டரும் மூன்றாவது சுற்று வரும்போது அந்தப் பிட்சரின் பந்தை நன்றாகப் படித்திருப்பார்கள். அடி விழுவது கூடும். இது எல்லா அணியும் அறிந்த கணக்கு. அந்தச் சுற்றைத் தாங்கும் திறமை உள்ளவரை மட்டும் விட்டுவைப்பார்கள். திறமை இல்லாதவரை விட்டுவைத்தால் புல்பென் பிழைக்கும், ஆட்டம் போய்விடும். இந்த இடத்தில் எந்த மேலாளருக்கும் நல்ல வழி கிடையாது. மெண்டோசா மீது எனக்குக் கோபம் இல்லாததற்கு இதுவே காரணம்.

புதிய கையைக் கொண்டுவருவதற்கும் விதி இடிக்கும். கீழ்நிலை அணிக்கு அனுப்பிய பிட்சரை, காயம்பட்டவருக்குப் பதிலாக என்றால் ஒழிய, 15 நாளுக்குள் திருப்பிக் கூப்பிட முடியாது. ஒருவரை ஒரே சீசனில் ஐந்து தடவைக்கு மேல் அப்படி அனுப்பவும் முடியாது. அனுப்பும் உரிமை தீர்ந்துபோன ஆளை இறக்கினால் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் 2025இல் மெட்ஸ் நாற்பதுக்கும் மேற்பட்ட பிட்சர்களை மேடையேற்ற வேண்டி வந்தது. உங்கள் அணியில் வாரத்துக்கு இரண்டு புதுப்பெயர் புல்பென்னில் தென்பட்டால், நோய் புல்பென்னில் இல்லை, அதற்கு முன்னால் வீசுபவரிடம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

எப்படி எண்ணுவது? பாக்ஸ் ஸ்கோரில், அதாவது ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலில், இன்னிங்ஸ் பத்தியில் 5.2 என்று இருக்கும். அது தசமம் அல்ல. ஐந்து இன்னிங்ஸ், அதற்குமேல் இரண்டு அவுட். 5.1 என்றால் 16 அவுட், 5.2 என்றால் 17. புதிதாகப் பார்க்க வந்தவர்கள் இதைக் கூட்டிச் சராசரி எடுத்துத் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நோட்டில் அவுட்டாகவே எழுதுங்கள். ஐந்து ஸ்டார்ட்டரும் மூன்று முறை சுற்றி வர 15 ஆட்டம். இப்போதெல்லாம் லீக் சராசரி ஐந்தே சொச்சம் இன்னிங்ஸ். 15 ஆட்டத்துக்கு 235 அவுட் பக்கம் வரும். உங்கள் அணி அதைத் தொட்டுக்கொண்டே தோற்றால் பொறுங்கள். 215க்குக் கீழே போனால், அந்த 15இல் பத்து ஆட்டம் வென்றிருந்தாலும், கவலைப்பட ஆரம்பிக்கலாம். இந்த 215 நானாக வைத்த எல்லை. லீக் வகுத்தது அல்ல. ஒரு எச்சரிக்கை: டாம்பா பே 2018இல் தொடங்கிவைத்த ஓப்பனர் முறையில், முதல் இன்னிங்ஸ் மட்டும் ஒரு ரிலீவர் போட்டுவிட்டுப் போவார். அன்று அவரை விட்டு, அடுத்து வந்து நீளமாகப் போட்டவரின் அவுட்டை எழுதுங்கள்.

கூடவே ஒரு சின்னக் கணக்கு. அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுங்கள். 90 ஆட்டத்தில் 400 அடித்து 380 கொடுத்த அணிக்கு 0.526 வரும்; அதை 90ஆல் பெருக்கினால் 47 வெற்றி இருந்திருக்க வேண்டும். கையில் 42தான் என்றால் குறைகிற ஐந்தில் ஒரு பகுதி ஒரு ரன் தோல்விகளின் துரதிர்ஷ்டமாக இருக்கலாம். மீதிக்குத் திரும்ப புல்பென்னைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது 2024க்கு வருவோம். மே 29 அன்று மெட்ஸ் 22-33. டாட்ஜர்ஸிடம் அடி வாங்கிய அந்த ஆட்டத்தில் ஒரு ரிலீவர் கையுறையைக் கழற்றி ரசிகர் பக்கம் வீசினார். அணி அவரை நீக்கியது. அன்றிரவு பிரான்சிஸ்கோ லிண்டோர் வீரர்களை மட்டும் கூட்டிப் பேசினார். கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் ரிலீவர் எட்வின் டியாஸ் தோள் வலியில் வெளியே. பார்ப்பதற்கு எல்லாம் இடிந்த மாதிரிதான். ஆனால் ஸ்டார்ட்டர்கள் லூயிஸ் செவரினோ, ஷான் மனாயா, ஹோசே கின்டானா மூவரும் முறை தவறாமல் பந்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜூன் தொடக்கத்தில் அவர்களும் பிரமாதமாக வீசவில்லை. ஆனால் ஆள் இருந்தார்கள். வருடக் கடைசியில் முறையே 31, 32, 31 ஆட்டங்கள். ஜூலை 25 அன்று சிட்டி ஃபீல்டில் அட்லாண்டாவின் கிறிஸ் சேல் வீசியதைப் பார்த்த மனாயா, அடுத்த முறையிலிருந்து தன் கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீச ஆரம்பித்தார்; பிறகு ஆறு, ஏழு இன்னிங்ஸ் அவருக்கு வழக்கமாயிற்று. ஜூன் 12 அன்று மெக்டொனால்ட்ஸின் ஊதாப் பொம்மை கிரிமேஸ் ஆட்டத்துக்கு முன் சடங்காக முதல் பந்து வீசியதால் அதிர்ஷ்டம் திரும்பியது என்று ரசிகர்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்த மகிழ்ச்சி அவர்களுக்கு உரியது, நான் பறிக்க மாட்டேன். கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். சரியாக ஒரு வருடம் கழித்து அதே ஜூன் 12இல்தான் செங்கா விழுந்தார்.

அந்த மூவரில் செவரினோவும் கின்டானாவும் அடுத்த வருடம் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். இதைத்தான் 2025 ஜூலையில் நிரப்பியிருக்க வேண்டும். ஜூலை 31 மாலையோடு வீரர் பரிமாற்றம் முடியும் முன் மெட்ஸ் ரயன் ஹெல்ஸ்லி, டைலர் ராஜர்ஸ், கிரெகரி சோட்டோ என்று மூன்று ரிலீவர்களையும், மைய வெளிக்களத்துக்கு செட்ரிக் மல்லின்ஸையும் வாங்கியது. ஒரு ஸ்டார்ட்டர்கூட வாங்கவில்லை. ஒழுகுகிற இடம் கூரை, பாத்திரம் வாங்கிக் கீழே வைத்தார்கள். ஹெல்ஸ்லியின் ஈஆர்ஏ மெட்ஸில் 7ஐத் தாண்டியது. இளம் பிட்சர் நோலன் மெக்லீனை ஆகஸ்ட் 16 அன்றுதான் கொண்டுவந்தார்கள். வந்ததும் நன்றாகவே வீசினார். அதற்குள் காலம் போய்விட்டது. கோபப்பட வேண்டும் என்றால் இந்த முடிவின் மேல் கோபப்படுங்கள். நான் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

'கடைசி நாளில் வெளியேறினார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். செப்டம்பர் 28 அன்று மயாமியிடம் 4-0 தோல்வி, உண்மைதான். கடைசி பிளேஆஃப் இடத்துக்குப் போட்டியிட்ட சின்சினாட்டி ரெட்ஸும் அன்று தோற்று, இரு அணியும் 83-79 என்று சமமாகவே நின்றன. 2022இலிருந்து சமநிலைக்குத் தனி ஆட்டம் கிடையாது. நேருக்கு நேர் யார் அதிகம் வென்றார் என்று பார்ப்பார்கள். ரெட்ஸ் 4, மெட்ஸ் 2. அந்த நான்கில் இரண்டை ரெட்ஸ் எடுத்தது ஜூலை 18 முதல் 20 வரை, சிட்டி ஃபீல்டில்.