மாமாவின் ஜாஸ் பேஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். என் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். எண்பதுகளில் அமெரிக்காவில் வாங்கி வந்த ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் கிட்டார் ஒன்றை முப்பது வருடம் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தார். அவர் மறைந்த பிறகு அது என்னிடம் வந்தது. அவர் போட்டிருந்த தடித்த, வழவழப்பான ஸ்ட்ரிங்குகளைக் கழற்றிவிட்டு 40-95 தடிமன் எண் கொண்ட மெல்லிய செட் போட்டேன். ஏசி அறையில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டைகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், முதல் நான்கைந்தில் எங்கே தொட்டாலும் இரைகிறது. ஜி ஸ்ட்ரிங்கில் ஆறாவது ஃப்ரெட் சுரம் மட்டும் உடனே செத்துவிடுகிறது. வால்யூம் திருகும்போது கரகரப்பு வேறு.

எனக்குத் தெரிந்த ஒருவர் தன்னுடைய விலையுயர்ந்த கஸ்டம் ஐந்து ஸ்ட்ரிங் பேஸைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் தந்து இதை மாற்றிக்கொள்ளத் தயார் என்கிறார். ஞாயிறு வருகிறார். புதிதாகப் பெயிண்ட் அடித்தால் இன்னும் நல்ல விலை போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாமா இதை 1970 என்பார். வால்யூம் திருகுக்கு உள்ளே இருக்கும் பாட் (pot) என்ற பாகத்தில் 1376633 என்று இருக்கிறது, அப்படியானால் 1966 என்கிறது இணையம். அதற்கும் விலை கூடுமா?

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

ஞாயிறு வருகிறவரை இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். முதலில் இது, மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் முக்கால்வாசிப் பதில் இருக்கிறது. தடித்த ஸ்ட்ரிங்கை எடுத்து மெல்லியது போட்டேன் என்கிறீர்களே, அந்த வரி. நான்கு பேஸ் ஸ்ட்ரிங்குகள் சேர்ந்து நெக்கை, அதாவது நீண்ட கழுத்தை, 70, 80 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிராக நெக்கைப் பின்னால் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி. உங்கள் மாமாவின் கனமான செட்டுக்கு ஏற்றபடி யாரோ அதை முறுக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு பக்க இழுப்பைக் குறைத்துவிட்டீர்கள், ராட் அப்படியே இருக்கிறது. நெக் பின்பக்கமாக வளைந்துவிட்டது. அதனால்தான் முதல் ஃப்ரெட்டுகளில் இரைச்சல். ஏசி அறை இதற்குத் துணை போயிருக்கும். காற்று காய்ந்தால் பெரும்பாலான நெக்குகள் அந்தப் பக்கமாகத்தான் நகரும். பகலில் ஏசி, இரவில் இல்லை என்று மாறி மாறி இருந்தால் இன்னும் மோசம். பெட்டியில் போட்டு மூடி வையுங்கள்.

சந்தேகமிருந்தால் அளந்து பாருங்கள். சரியாக ட்யூன் செய்துகொண்டு, தடித்த ஈ (E) ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழைக்கச் சொல்லுங்கள் பக்கத்தில் இருப்பவரை. சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், கார்டு ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். உங்களுடையதில் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் ஒட்டிக் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. ஆனால் இந்த வயது ஃபெண்டரில் ட்ரஸ் ராடின் நட் தலைப்பக்கம் இல்லை, நெக் உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, நெக்கை வெளியே எடுத்துத்தான் ஒழுங்காகத் திருப்ப முடியும். அந்த நட்டில் கூட்டல் குறி போல வெட்டு இருக்கும். அந்த வெட்டை நிறைத்து உட்காரும் அகலமான ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். சின்னதைப் போட்டுத் திருகினால் விளிம்பு தேய்ந்துபோகும், அதற்குப் பிறகு அந்த நெக்குக்கு வைத்தியம் பார்ப்பது மிகவும் கஷ்டம். இடது பக்கமாகக் கால் சுற்று, அவ்வளவுதான். திரும்ப மாட்டி, ட்யூன் செய்து, ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் அளக்க வேண்டும். முன்பே செய்து பழகியவர் ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நெக்கைக் கழற்றும்போது அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்து ஃபெண்டர்களில் அங்கே மாதமும் வருடமும் முத்திரை இருக்கும். உங்கள் வயது வழக்குக்கு அதுதான் சாட்சி, பாட் இல்லை. 137 என்பது பாட் செய்த சி.டி.எஸ். கம்பெனி, 66 வருடம், 33 வாரம். அந்தப் பாட் 1966 ஆகஸ்ட் வாக்கில் செய்யப்பட்டது, அதில் தவறில்லை. ஆனால் ஃபெண்டர் 1966இல் இந்தப் பாட் பாகங்களை மொத்தமாக வாங்கிக் குவித்து எழுபதுகளின் தொடக்கம் வரை எடுத்து எடுத்து மாட்டியது. அந்த எண் சொல்வது, பேஸ் அதற்கு முந்தையது அல்ல என்பதை மட்டும்தான். மாமா சொன்ன 1970 சரியாகவே இருக்கும். அப்புறம், நீங்கள் நினைக்கும் விலை ஏற்றம் 66க்கும் பெரிதாக இல்லை. லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்புக் கம்பெனிக்கு விற்றார். சேகரிப்பவர்கள் கோடு போடுவது அங்கே. 66, 70 இரண்டுமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். 70ஐ 66 என்று சொல்லி விற்றால் வாங்கியவர் என்றாவது நெக்கைக் கழற்றிப் பார்ப்பார்.

பெயிண்ட் விஷயத்தில் உங்கள் நண்பர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். பழைய ஃபெண்டரில் மூலப் பூச்சு போய்விட்டால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்த வியாபாரத்தில் எல்லோரும் போடும் கணக்கு. மாமாவின் முன்கை உரசி உரசி மரம் தெரிகிற இடம் இருக்கும், இல்லையா? அது அப்படியே இருக்க வேண்டும். கரகரப்புக்கும் அந்தப் பாட் பாகத்தை மாற்ற வேண்டாம். காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு இருபது முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினால் பெரும்பாலும் போய்விடும். என்றாவது எதையாவது மாற்றியே ஆக வேண்டுமென்றால் கழற்றியதை, ஸ்க்ரூ உட்பட, ஒரு கவரில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள்.

ஆறாவது ஃப்ரெட் சுரத்துக்கு மட்டும் என்னிடம் நல்ல செய்தி இல்லை. நீங்கள் கையை வைத்த இடம் ஃபெண்டர் வகை பேஸ்களின் புகழ்பெற்ற பலவீனம். ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்து முதல் ஏழு வரை எங்கோ ஒரு இடத்தில், நெக் தானாக அதிரும் வேகமும் அந்தச் சுரத்தின் அதிர்வும் ஒத்துப்போகின்றன. ஸ்ட்ரிங்கின் சக்தியை நெக் குடித்துவிடுகிறது. எந்த செட்டப்பாலும் இதை முழுதாகப் போக்க முடியாது. பேஸின் தலைப்பக்கத்தில் ஒரு சின்ன கிளாம்பை மாட்டினால் அந்த இடம் கொஞ்சம் நகரும். இல்லையென்றால் அதே சுரத்தை டி ஸ்ட்ரிங்கில் பதினொன்றாவது ஃப்ரெட்டில் வாசியுங்கள். உங்கள் மாமா அங்கேதான் வாசித்திருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த ஃப்ரெட் மற்றவற்றைவிடத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்களேன்.

அவருடைய பழைய ஸ்ட்ரிங்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? வழவழப்பானது என்றால் அது ஃப்ளாட்வவுண்ட். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் கனமான லாபெல்லா ஃப்ளாட்வவுண்ட் போட்டிருந்தார், அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். பழசாகி மினுமினுப்பு போன பிறகு வரும் அந்தத் திம்மென்ற ஒலிதான் அவர் கேட்டது. 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு அந்த பேஸ் திருடு போனது, திரும்பக் கிடைக்கவேயில்லை. உங்கள் பேஸின் நெக் பிளேட்டில் இருக்கும் சீரியல் எண்ணை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்ட்ரிங்குகள் வீட்டில் இருந்தால் திரும்பப் போட்டுப் பாருங்கள், ட்ரஸ் ராடைத் தொடாமலேயே இரைச்சல் நின்றுவிடலாம்.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு பழைய ஜாஸ் பேஸ் இருந்தது. இரைச்சல் வந்தது. கொண்டுபோன கடையில் நெக் முறுகிவிட்டது, இனி தேறாது என்றார்கள். நம்பினேன். அவர்கள் சொன்ன விலைக்கு அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாணக் கச்சேரியில் அதைப் பார்த்தேன். உடலின் மேல் ஒட்டியிருக்கும் பிக்கார்ட் தகட்டில் என் மோதிரம் போட்ட கீறல் இருந்தது. அதே நெக்தான். வாசித்த பையன் அவ்வளவு சுத்தமாக வாசித்தான், ஒரு இரைச்சல் இல்லை. சாப்பிடாமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கடைமேல் இருந்த கோபம் போய்விட்டது. ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்க்காமல் விற்றேனே என்பது இன்னும் போகவில்லை.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. நீங்கள் வாசிக்கிற இடத்தில் ஈ ஸ்ட்ரிங்குக்கும் கீழே உள்ள சுரங்கள் நிஜமாகவே தேவைப்பட்டால் ஐந்தாவது ஸ்ட்ரிங் நியாயமான தேவை. அந்த ஐந்தாவது, பி (B) ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸ். அதைத் தெளிவாகக் கொடுக்கும் ஆம்ப் உங்களிடம் இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். ஆனால் கஸ்டம் பேஸ் ஒருவருடைய கைக்கும் ரசனைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. கை மாறும்போது அவர் போட்ட பணம் திரும்பி வராது, நாளை நீங்கள் விற்கும்போதும் அதே கதைதான். அவர் மேலே பணம் தர முன்வருவதே, இதன் மதிப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு வாரம் அந்த பேஸை இரவல் கேளுங்கள். இதைச் சரிசெய்து, இரண்டையும் ஒரே கச்சேரிக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். அதற்குப் பிறகும் ஐந்து ஸ்ட்ரிங்தான் வேண்டும் என்று தோன்றினால் நிம்மதியாகக் கொடுங்கள்.

ட்யூன் செய்து, அளந்து, எட்டாவது ஃப்ரெட்டில் எவ்வளவு இடைவெளி என்று எனக்கு எழுதுங்கள். நெக் அடியில் எடுத்த படத்தையும் அனுப்புங்கள்.

அன்புடன்